முன்பல்லின் மூலை

பல் டாக்டர் வீட்டுக்கு நேர் எதிரே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவளுக்குப் பொழுது போகாமல் இருக்காது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்கள், படியேறி மருந்து வாடை பட்டதும் ஏதோ மறந்துபோனவர்கள் மாதிரி திரும்பிவிடுகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். நான் யாரையும் எட்டிப் பார்ப்பதில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வருகிறது, நான் என்ன செய்ய?

அந்த வாரம் வெளிச்சமும் வரவில்லை. பெருமழையாகக் கொட்டித் தீர்த்தாலாவது மனசு ஆறும். இது விடாத தூறல். கொடியில் போட்ட துணி காயாமல் நாறிற்று. ஊசி துருப்பிடித்தது. டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குப் புதுப் பை வைத்துத் தைத்து, இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்து மடித்திருந்தேன்.

அந்த வீட்டில் முன்னறை இரண்டும் ஆஸ்பத்திரி, பின்னால் குடித்தனம். டாக்டர், அவர் மனைவி, டாக்டரின் தங்கச்சி என்று மூன்று பேர். மனைவியைத் தெருவே டாக்டரம்மா என்று கூப்பிடும். அந்த அம்மாள் படித்தது கணக்கு. ஆனால் நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துப் பிடித்துப் பாதி டாக்டராகிவிட்டாள் என்று அவளுக்கே ஒரு நினைப்பு. தங்கச்சி வாசல் மேசையில் உட்கார்ந்து போனை எடுப்பாள், பேர் கூப்பிடுவாள். பேசும்போது மேலுதட்டை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தே பேசுவாள். முன்பல் ஒன்றின் மூலை உடைந்து, அதில் அண்ணன் வைத்த அடைப்பு இருந்தது. அதை மறைக்கத்தான்.

அந்தப் பல் உடைந்த மறுநாள் காலையில் அவள் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். வாயில் துண்டு, இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். டாக்டர் உள்ளே கூட்டிப்போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பல்லை ஒட்டவைத்து, தன் வண்டியிலேயே ஏற்றி, மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும், எல்லா வீட்லயும் இருக்கறதுதான்" என்று வாசலில் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. கல்யாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான்.

அதற்கப்புறம் அவள் ஒரேயடியாக வந்துவிட்டாள். தனியாக. குழந்தை யாரிடம் இருப்பது என்று கோர்ட்டுக்குப் போனபோது, டாக்டரைக் கூப்பிட்டு இந்தப் பல் எப்படி உடைந்தது என்று கேட்டார்களாம். "பல்லு உடைஞ்சது எனக்குத் தெரியும். எதால உடைஞ்சதுன்னு பல்லு சொல்லாது" என்றாராம். படித்தவர் பேச்சு. குழந்தை அப்பாவோடு போயிற்று.

ரொம்ப நாள் கழித்து இப்போதுதான் மாப்பிள்ளை ஒரு படி இறங்கி வந்திருந்தார். லீவு முழுக்கப் பெண்ணை அம்மாவிடம் விடத் தயார். ஆனால் முதலில் ஒரு சாயங்காலம் கூட்டி வந்து காட்டுவார். பெண் தன் வாயாலேயே "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். அழுதாலோ, வேண்டாம் என்றாலோ, அத்தோடு சரி. பரீட்சை முடிந்து பார்க்கலாம் என்று பேச்சு.

அதற்காகத்தான் டாக்டரம்மா ஒரு காரியம் செய்தாள். டாக்டருக்குச் சொல்லாமல் நாத்தனார் பல்லுக்கு அச்சு எடுத்து உறை செய்து, பல்லை வெளுக்க வைக்கும் மருந்தையும் கொடுத்து, தூங்கும்போது மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அண்ணனும் தங்கச்சியும் வேலை விஷயம் தவிர முகம் பார்த்துப் பேசாத வீடு. அதனால் டாக்டர் கவனிக்கவே இல்லை. பல்லெல்லாம் பளீரென்று ஆகிவிட்டது, மூலையில் இருந்த அந்த அடைப்பைத் தவிர. வெள்ளையடித்த சுவரில் பழைய நோட்டீஸ் ஒன்றைக் கிழிக்காமல் விட்ட மாதிரி அது மட்டும் மஞ்சளாகத் துருத்திக்கொண்டு நின்றது. முன்னால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையிடமிருந்து போன். "நாளன்னைக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு. கூட்டிட்டு வரேன். விட்டா அப்புறம் எனக்கு நேரமில்லை."

நான் கோட்டை எடுத்துக்கொண்டு போனபோது சண்டை நடுவீட்டில் இருந்தது. அதாவது பல் பார்க்கும் நாற்காலி இருக்கிற அறையில்.

"யாரைக் கேட்டு இதைப் பண்ணினே?" என்று டாக்டர் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏன், யாரைக் கேக்கணும்? ஊர்ல இருக்கறவங்க பல்லையெல்லாம் வெளுத்து அனுப்பறீங்க. வீட்ல இருக்கறவளுக்கு ஒரு ட்யூப் மருந்து கொடுத்தா குத்தமா?"

"வெளுக்கறது பல்லு மட்டும்தான். நான் வெச்ச அடைப்பு வெளுக்காது. இத்தனை வருஷமா கூட நிக்கறியே, இதுகூடத் தெரியாதா?"

"குழாயைப் பிடின்னீங்க, பிடிச்சேன். என்னிக்காவது பாடமா எடுத்தீங்க?"

தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் கண்ணாடி. "சண்டையை அப்புறம் போடுங்க அண்ணி. அண்ணா, பழசை எடுத்துட்டு இந்த நிறத்துக்குப் புதுசா வெச்சிடுங்க."

"வைக்கறேன். ரெண்டு வாரம் போகட்டும்."

"அவ நாளன்னைக்கு வரா."

"நிக்காதும்மா. சொன்னாக் கேளு. வெளுக்கற மருந்து பல்லுக்குள்ள போய் காத்தா தங்கியிருக்கும். அது வெளிய போறவரைக்கும் என் பசை இறுகாது. பாக்கறதுக்கு ஒட்டின மாதிரி இருக்கும், பிடிச்சிருக்காது. நிறமும் இன்னும் கொஞ்சம் இறங்கும். ரெண்டு வாரத்துல எல்லாம் அடங்கிடும்."

"ஈரச் சுவத்துல பெயிண்ட் அடிச்சா தோலா உரிஞ்சுக்குமே, அப்படியா டாக்டர்?" என்று நான் கேட்டேன். விஷயம் புரியவேண்டும் அல்லவா.

"அப்படித்தான். கோட்டை வெச்சுட்டு நீங்க கிளம்புங்க."

"பை சரியா உக்காந்திருக்கான்னு போட்டுப் பாருங்க. அவசரமில்ல, நான் நிக்கறேன்."

அவர் போட்டுப் பார்க்கவில்லை. நான் நின்றேன்.

தங்கச்சி கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "அண்ணா, பல்லு உடைஞ்ச அன்னைக்கு அவ அங்கதான் நின்னுட்டு இருந்தா. எல்லாத்தையும் பாத்தா. என் முகம்னா அவ மனசுல நிக்கறது அதுவாத்தான் இருக்கும். நாளன்னைக்கு என் வாயைப் பாத்து அவளுக்கு அது ஞாபகம் வரக்கூடாது. வேற எதுவும் எனக்கு வேணாம்."

"வேணும்னா லேசா எதையாவது மேல பூசி..."

"அன்னைக்கு மட்டும் உடனே வெச்சீங்களே. மத்தியானத்துக்குள்ள வெச்சு அனுப்பிட்டீங்களே. இது ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் இங்கயே இருன்னு அன்னைக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

மழைத் தண்ணீர் ஜன்னல் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா குழாயைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

அவர் வேலை செய்வதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பழைய அடைப்பைக் குடைந்து எடுத்தபோது கருகின நகம் மாதிரி ஒரு வாடை வந்தது. மஞ்சள் தூள் தண்ணீரோடு போயிற்று. உடைந்த பல் அப்படியே வெளியே வந்து நின்றது. சாய்வாக, கத்தரிக்கோலால் துணி மூலையைக் கத்தரித்த மாதிரி. அவர் விளக்கை இழுத்து அதன் மேல் திருப்பினார். அப்புறம் நீலக் களிம்பைத் தடவிக் கழுவினார், காற்றடித்துக் காயவைத்தார், பசையைத் தொட்டு வைத்தார். நிறத்துக்கு நிறம் வைத்துப் பார்த்து, மெல்லிசு மெல்லிசாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் நீல விளக்கைப் பிடித்தார். டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எது பல், எது அடைப்பு என்று சொல்ல முடியவில்லை. அவர் கைவேலையிலேயே அதுபோல இன்னொன்று இருக்காது.

"முன்பல்லால எதையும் கடிக்காதே. ரொட்டியாவே இருந்தாலும் பிச்சு ஓரமா போட்டுக்கோ. புரிஞ்சுதா?"

"சிரிக்கலாமா?"

"சிரிக்கலாம்."

"அது போதும்ணா" என்றாள். உதட்டை இழுத்துப் பிடிக்காமல் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர்கள் வருகிற அன்று சாயங்காலம் எனக்குப் பல் வலி வந்தது. வலி நேரம் காலம் பார்த்தா வரும்? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர்.

"மாறி மாறி வலிக்குது டாக்டர்."

"சரி, உக்காருங்க. எதுன்னு அது முடிவு பண்ணட்டும், அப்புறம் பாக்கறேன்."

மாப்பிள்ளை உள்ளே வரவில்லை. காரைப் படிக்கு எதிரிலேயே நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிவைத்து உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் விளிம்பில் கையை வைத்திருந்தார். மோதிரம் போட்ட கை. குழந்தை மட்டும் குடையோடு இறங்கி வந்தாள். தலையை இழுத்து வாரி, வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பின்னியிருந்தது. தோள்பையை முன்னால் மாட்டி அணைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு நின்றாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு ஒழுங்கு கூடாது என்று எனக்குப் பட்டது.

"வாடா தங்கம்" என்றாள் தங்கச்சி. போய்த் தொடவில்லை. சிரித்தாள்.

குழந்தை அவள் வாயையே பார்த்தாள். "உங்க பல்லு ரொம்ப வெள்ளையா இருக்கு."

"மாமா பல் டாக்டராச்சே. அழுக்கா வெச்சிருந்தா திட்டுவாரு."

"எங்க மிஸ்ஸுக்குக்கூட இவ்ளோ வெள்ளை இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வேற மாதிரி இருக்கீங்க."

"நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா?"

"தெரியல. போட்டோவுல சிரிக்காம இருப்பீங்க."

டாக்டரம்மா இதற்குள் பால் வேண்டுமா, பிஸ்கட் வேண்டுமா, ஸ்வெட்டர் வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் "பரவால்ல அத்தை" என்றே பதில் வந்தது. கடைசியில் தங்கச்சிதான் நாற்காலியைக் காட்டி, "இது மேல போகும், கீழ வரும். ஏறிப் பாக்கறியா?" என்றாள்.

"ஊசி போடுவாங்களா?"

"ஊசி அந்த ஆன்ட்டிக்குத்தான்" என்று என்னைக் காட்டினாள். நான் கன்னத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் கொஞ்ச நேரம் அந்த அறை அறையாகவே இல்லை. நாற்காலி ஏறிற்று, இறங்கிற்று, சாய்ந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது, அணைந்தது. டாக்டர் முகமூடி ஒன்றைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு குழந்தை அம்மாவை உட்காரவைத்து, "ஆ காட்டுங்க. இன்னும் பெருசா" என்று அதட்டினாள். அவள் காட்டினாள். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்துவிட்டு, "சொத்தையே இல்லை. போகலாம்" என்றாள் குழந்தை. அந்த மூலையை அவள் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"லீவுக்கு வந்தா தினமும் இந்த நாற்காலியில ஏறலாமா?"

"நீ வந்தா யாருக்கும் பல்லே பாக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லிடலாம்" என்றாள் தங்கச்சி.

குழந்தைக்குப் பசித்தது போல. பையிலிருந்து ஆப்பிள் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டே கையை நீட்டினாள். "நீங்க ஒரு கடி."

"நான் நறுக்கித் தரேன், கொடும்மா" என்று டாக்டரம்மா பாய்ந்தாள்.

"நறுக்கினா கறுத்துப் போயிடும் அத்தை. கடிச்சாத்தான் நல்லா இருக்கும்." கையை மடக்கவில்லை. "என் எச்சில்னு பாக்கறீங்களா?"

டாக்டர் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். தங்கச்சி அவரைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பிள்ளை அவளுக்கு நீட்டிய முதல் பொருள் அது. ஓரப் பல்லால் கடிக்கத்தான் தலையைச் சாய்த்தாள். ஆனால் குழந்தை ஆப்பிளை விடாமல் தன் கையாலேயே வாயில் ஊட்டினாள், நேராக.

சத்தமே இல்லை. குழந்தை ஆப்பிளை இழுத்துப் பார்த்தாள். கடித்த இடத்தில், விதையைவிடப் பெரிசாக, வெள்ளையாக ஒன்று குத்திக்கொண்டு நின்றது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தங்கச்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழப்போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் அழவில்லை. ஆப்பிளைக் கருவிகள் வைக்கும் தட்டில் வைத்தாள். வாய் கொப்பளிக்கிற தம்ளரை எடுத்து, நாற்காலிக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். இதற்கு முன்னால் செய்து பழகின மாதிரி இருந்தது. காதோடு வாய் வைத்துச் சொன்னாள். சின்ன அறை, எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா வெளியதான் இருக்காங்க. சத்தம் போடாம கொப்பளிங்க."

தங்கச்சி தம்ளரை வாங்கிக் கொப்பளித்தாள், சத்தம் போடாமல். குழந்தை பஞ்சைத் தேடி எடுத்து அவள் உதட்டை ஒற்றினாள். ரத்தம் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஒற்றினாள். டாக்டரம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பல்லு சொல்லாததை எல்லாம் பிள்ளை சொல்லி முடித்துவிட்டாள். டாக்டர் தன் கோட்டின் புதுப் பையில் கையை விட்டபடி நின்றிருந்தார்.

ஹார்ன் அடித்தது. அப்புறம் மாப்பிள்ளையே படியேறி வந்து கதவில் சாய்ந்து நின்றார். நனைந்த குடை வாசலில் சொட்டிற்று. "என்ன முடிவு? லீவுக்கு இங்க இருக்கியா?" என்று குழந்தையிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் பல்லும் நல்ல பல்தான்.

குழந்தை அம்மாவின் வாயைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

"பாத்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல" என்றார் மாப்பிள்ளை.

உண்மைதான். அவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தப் பதில் சொன்னால் யாருக்கு அடி விழாது என்று அந்தப் பிள்ளை தானே படித்து வைத்திருந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள், பையை அணைத்துக்கொண்டாள், போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் அவள் யோசித்துத்தான் செய்திருப்பாள்.

டாக்டர் படி வரைக்கும் வேகமாகப் போனார். சொல்லிவிடப்போகிறார் என்று நான் கன்னத்திலிருந்து கையை எடுத்தேன்.

"மழை வலுக்குது, பாத்து ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றார்.

தூறல் நின்று, வெயில் வராமலேயே இரண்டு வாரம் ஓடியது. டாக்டர் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு தங்கச்சியைக் கூப்பிட்டாராம். டாக்டரம்மாதான் பாவாடை நாடா கோர்க்க வந்தபோது சொன்னாள்.

"உக்காரும்மா, பல்லு தயாராயிடுச்சு, இப்ப நல்லாப் பிடிக்கும்னாரு. இவ வாசல்லயே நின்னுட்டா அக்கா. 'வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். நீங்க வந்து தெரிஞ்சதைச் சொன்னா கேஸைத் திரும்பத் திறக்கலாமாம். சொல்லிட்டு வாங்க, அப்புறம் வைக்கலாம்'னா. இவரு எடுத்து வெச்சதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாரு."

அன்றிலிருந்து தங்கச்சி அதே வாசல் மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உதட்டை இழுத்துப் பிடிப்பதை விட்டுவிட்டாள். வருகிறவர்களைப் பார்த்து நன்றாகவே சிரிக்கிறாள். பளீரென்ற பல் வரிசை, நடுவில் சாய்வாக உடைந்த மூலை. பல் டாக்டருக்கு இதைவிட மோசமான விளம்பரம் கிடைக்காது. சும்மா இருப்பார்களா ஜனங்கள்?

"டாக்டர் வீட்லயே இப்படியா? எப்படிம்மா உடைஞ்சுது?"

"டாக்டருக்குத் தெரியும். உள்ள போனதும் கேளுங்க" என்பாள்.

கேட்கிறார்கள். அவர் "வாயைத் திறங்க" என்கிறார்.

பொய் சொன்ன கன்னத்துக்கு நிஜமாகவே வலி வந்து, போன வாரம் நானும் அந்த நாற்காலியில் படுத்தேன். பஞ்சையும் குழாயையும் திணித்து, நாக்கை ஓரங்கட்டி, என் வாயை அவர் வேலையிடமாக்கிக்கொண்டார். டாக்டரம்மா எதையோ எடுக்கப் பின்னால் போயிருந்தாள். குடைந்துகொண்டே, என் பல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

"தரையில விழுந்தா உதடு உள்பக்கமா அப்படிக் கிழியாது. கன்னத்துல மோதிரத்தோட தடம் இருந்துச்சு. பாத்த உடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொண்டுபோய் விட்டேன்."

நான் "ஆ" என்றேன். என் ஆயுளில் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் போனது அன்றைக்குத்தான். "கொப்பளிங்க" என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போய்விட்டார்.

மரத்துப்போன வாயோடு நேராக மேசைக்குப் போய், தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாதி எச்சிலாக வந்தது. அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"உங்க வாய்க்குள்ள குழாய் இருந்தப்பவா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"கோர்ட்ல யார் வாய்லயும் குழாய் இருக்காது, திருப்பிக் கேள்வி கேப்பாங்க அக்கா. அதுதான் அவருக்குப் பயம்."

"தெரு முழுக்க நான் சொல்றேன்மா."

"நீங்க சொல்லுவீங்க, எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னா என் பொண்ணு வருவாளா?" திட்டுகிற குரலில் இல்லை. விலாசம் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, இவ்ளோ கிட்டத்துல டாக்டரை வெச்சுக்கிட்டு அதைச் சரி பண்ணக்கூடாதா? பல்லு இன்னும் தயாராகலையா?" என்று கேட்டார்.

உள்ளே டாக்டர் கைகழுவுகிற தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் அந்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பேர் கூப்பிடுகிற குரலில் பதில் சொன்னாள்.

"பல்லு எப்பவோ தயாராயிடுச்சுங்க."

அப்புறம், "அடுத்தது யாரு, உள்ள போகலாம்" என்றாள்.